அஞ்சாவது படித்த அம்மா, மூணாவது படிக்கும் மகன்

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் செக்கிங், அவர் டையிங். சொந்த ஊர் தேனிப் பக்கம். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். மகள் ஏழாவது, மகன் மூணாவது. இருவரும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். மகனுக்குத் தமிழே சரியாக வாசிக்க வரவில்லை. டீச்சரிடம் கேட்டால், "வீட்ல கொஞ்சம் பாருங்கம்மா" என்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. மாமியார் கூட இருக்கிறார், அவருக்கு எழுத்துத் தெரியாது. டியூஷன் சேர்க்கலாமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் வேறு என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். படிக்காத நான் அங்கே என்ன பேச முடியும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டீச்சர் "பாருங்கம்மா" என்றாரே தவிர, எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று சொல்லவில்லை. டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரை எழுதாமல் "மருந்து சாப்பிடுங்க" என்று மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பெற்றோர் ஒத்துழைப்பே இல்லை என்று பள்ளிகள் குறைப்படுவதில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பாடம் நடத்துவது டீச்சரின் வேலை, அதற்குத்தான் அவர் பயிற்சி பெற்று வந்திருக்கிறார். மகன் வாசிப்பதைத் தினமும் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அதற்கு அஞ்சாவது படிப்பு தாராளம். எழுத்துத் தெரியாத உங்கள் மாமியாருக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது.

தொடங்குவதற்கு முன், மகன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று நீங்களே பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யலாம். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவனுடைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நடத்தி முடித்த பாடத்தைக் கொடுக்காதீர்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திப் படித்ததில் அது காது வழியாகவே மனப்பாடம் ஆகியிருக்கும். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பிப்பான், நீங்களும் நன்றாக வாசிக்கிறான் என்று நினைத்துவிடுவீர்கள். மூன்றாம் வகுப்பில் பின்தங்கிய பல பிள்ளைகள் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் போவது இப்படித்தான்.

நாலு சின்ன வாக்கியம் உள்ள ஒரு பத்தியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக வாசித்தாலும் சரி, வாக்கியமாக வாசிக்கிறானா, ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக எண்ணுகிற மாதிரி இழுக்கிறானா என்று கவனியுங்கள். மூன்று தப்புக்குள் முடித்துவிட்டால் அவனுக்கு வாசிப்பு வந்துவிட்டது, பழக்கம்தான் போதவில்லை. முடியவில்லை என்றால் பத்தியை விட்டுவிட்டு 'படம்', 'மழை', 'கோழி', 'குடை' போல எளிய சொற்களில் எவையேனும் ஐந்தைக் காட்டுங்கள். நாலு சரியாக வந்தால் அவன் சொல் நிலையில் இருக்கிறான். அதுவும் வரவில்லை என்றால் தனி எழுத்துகளைக் காட்டி, ஐந்துக்கு நாலு வருகிறதா பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நாடு முழுவதும் கிராமங்களில் எடுத்துவரும் 'அசர்' கணக்கெடுப்பில் பிள்ளைகளை இந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். சோதிப்பவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். சாதாரண ஆட்கள் செய்யும்படியாகவே இந்த முறை அமைந்திருக்கிறது, அதனால் தயங்க வேண்டாம். மகனிடம் "பரீட்சை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தப்பு வந்தாலும் அந்தப் பத்து நிமிடம் திருத்த வேண்டாம்.

எந்த இடத்தில் தடுக்கினான் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் விழுகிற பள்ளங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். 247 எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டும் என்று மலைக்க வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, அவை சேர்கிற விதம் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தானே வரும், ஆய்தம் ஒன்றுதான் மிச்சம். சிக்கல் அந்தச் சேர்க்கையில்தான். 'கெ', 'கே', 'கை' இவற்றில் கொம்பும் சுழியும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் பிள்ளை அங்கே திகைக்கிறது. 'கொ', 'கோ'வில் குறி இரண்டு பக்கமும் நின்று எழுத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. உகர வரிசை இன்னும் பொல்லாதது. 'கு, டு, மு, ரு' ஒரு மாதிரி வளையும், 'சு, பு, வு' வேறு மாதிரி கீழே இறங்கும், 'து, நு, லு, று' இன்னொரு மாதிரி வால் போடும். 'கா, சா, தா' சரளமாக வாசிக்கிற பிள்ளை 'கு'வில் நின்றுவிட்டால் மக்கு என்று அர்த்தமில்லை. இந்த மூன்று கூட்டத்தையும் தனித்தனியாக யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். எந்த வரிசையில் தடுக்கிறதோ அதை மட்டும் எடுத்து, அந்த எழுத்து வரும் வீட்டுச் சொற்களாகப் பத்துச் சொல் மகளை எழுதித் தரச் சொல்லுங்கள். 'குடம், குடை, குருவி', 'துணி, துடைப்பம்', 'சுவர், சுண்டல்' என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருக்கட்டும்.

இன்னொன்று, இதைப் பல டீச்சர்களும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று இருக்கும், பிள்ளை 'வந்துட்டான்' என்று வாசிப்பான். 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்பான். தப்பு என்று நிறுத்தாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருள் புரிந்து, தன் வாய்ப்பழக்கத்துக்கு மாற்றிச் சொல்கிறான் என்றால் வாசிப்பு நடக்கிறது என்றுதான் கணக்கு. 'வந்துவிட்டான்' என்பதை 'வாத்து' என்று ஊகித்துச் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். முதல் எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை ஊகிப்பது கெட்ட பழக்கம். விரலை வைத்து எழுத்தெழுத்தாக மறுபடி போகச் சொன்னால் சில வாரங்களில் மாறும்.

இனி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் களைத்து வந்து, அவன் கண் சொருகும்போது புத்தகத்தைத் திறந்தால் அது சண்டையில்தான் முடியும். காலையில் நீங்கள் கிளம்புவதற்கு முன் 15 நிமிடம் ஒதுக்க முடியுமா பாருங்கள். சோறு வடிகிற நேரம் அடுப்பங்கரையிலேயே அவன் உட்காரலாம். வாரத்தில் ஆறு நாள் 15 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பலன் தரும். அந்தப் பதினைந்தில் முதல் 5 நிமிடம் நேற்று வாசித்த அதே பக்கம். ஏற்கெனவே தெரிந்தது என்பதால் வேகமாகப் போவான், தைரியம் வரும். இதை "பழசுதானே" என்று வெட்டிவிடாதீர்கள், சரளம் வருவதே இந்தத் திரும்ப வாசிப்பில்தான். அடுத்த 7 நிமிடம் புதிதாக நாலைந்து வரி. தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருங்கள், வரவில்லை என்றால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். கடைசி 3 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன கதை என்று சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கே ஒரு சொல் வராமல் போனால் மறைக்க வேண்டாம். "இது என்னடா, நீ சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கக் கிடைத்த வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடாது.

சாயங்காலம் அப்பத்தாவின் முறை. பள்ளி விட்டு வந்து, விளையாடி முடித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பேரன் அவருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும். எழுத்துத் தெரியாதவர் எப்படிச் சரிபார்ப்பார் என்று கேட்பீர்கள். மூன்று வழி உண்டு. பேரனின் விரல் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நகர்கிறதா, கண் புத்தகத்தில் இருக்கிறதா கூரையில் இருக்கிறதா என்று பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வரியை "மறுக்கா படி" என்று கேட்டு, இரண்டு முறையும் ஒரே மாதிரி வருகிறதா என்று காது கொடுக்கலாம், கதை விடுகிற பிள்ளை இரண்டாம் முறை மாற்றிவிடும். மூன்றாவதுதான் நல்ல தந்திரம். "அதுல மழைன்னு சொன்னியே, அது எங்கெ இருக்கு? விரலை வையி" என்று கேட்பது. அதே சொல் அடுத்த வரியிலும் வந்தால் "இங்கயும் இருக்குன்னியே, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?" என்று கேட்டால் போதும். எழுத்தின் வடிவம் ஒன்றா இல்லையா என்பது பார்த்தாலே தெரியும். பதிலுக்கு அப்பத்தா ஒரு கதையோ நாலு விடுகதையோ சொல்லட்டும். கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று யோசிக்கத் தெரிந்திருக்கும், புதுச் சொல்லும் சேரும்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஏழாவது படிக்கிற அக்கா தம்பியின் வீட்டுப் பாடத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை இன்றோடு நிறுத்துங்கள். நோட்டு அழகாக இருப்பதால்தான் டீச்சருக்கு அவன் தடுமாறுவது முழுசாகத் தெரியவில்லையோ என்னவோ. முடிக்க முடியாததை முடிக்காமலே அனுப்புங்கள். அக்கா செய்யக்கூடியது வேறு. ஒரு வரியை அவள் வாசிக்க, அவன் விரல் வைத்துப் பின்னாலேயே வாசிக்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவளுக்கும் படிப்பு இருக்கிறது. பாத்திரம், துணி, தம்பி படிப்பு என்று எல்லாம் பொம்பளைப் பிள்ளை தலையில் போய்ச் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து அவளைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

கணக்குக்குக் கணவர் பொறுப்பு எடுக்கட்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் வீட்டில் டஜனும் சம்பளமும் தினசரிப் பேச்சு. 12 பீஸ் ஒரு டஜன், 5 டஜன் எத்தனை பீஸ்? கடைக்குக் கூட்டிப்போய், 100 ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று மனக்கணக்காகக் கேட்கலாம். அவன் சொன்ன பிறகு "எப்படிக் கணக்குப் போட்டே?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். விடை தப்பாக இருந்தாலும் போன வழி தெரியும். 64-லிருந்து 70-க்கு 6, அங்கிருந்து 100-க்கு 30 என்று பிள்ளைகள் தாங்களாகவே ஏறிப்போவார்கள். அதைப் பாராட்டுங்கள், "இப்படி இல்ல, கடன் வாங்கிக் கழி" என்று மாற்றாதீர்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 புளியங்கொட்டை எண்ணிப் போடுவதே ஐந்தாம் வாய்ப்பாடு.

பாடப்புத்தகம் ஒன்றே வீட்டில் இருந்தால் சீக்கிரம் சலித்துவிடும். பள்ளியில் கதைப் புத்தகங்கள் கட்டாயம் இருக்கும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்தவை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகத் தரம் பிரித்த சின்னப் புத்தகங்கள். உங்கள் மகனுக்கு 'நுழை' சரியாக இருக்கும். புத்தகம் கிடைக்காத நாளில் சோப்பு உறை, பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடைப் பலகை எதுவானாலும் எழுத்துதான்.

டியூஷன் கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அக்கம்பக்கத்து டியூஷன்களில் பெரும்பாலும் நடப்பது மறுநாள் வீட்டுப் பாடத்தை முடித்து அனுப்புவதுதான். கேள்வி பதிலை எழுதிப்போட்டுப் பார்த்து எழுத வைப்பார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது ஓவியம் வரைகிற மாதிரி, கை ஓடும், வாசிப்பு வராது. உங்களுக்கு வேறு வழியே இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றால் சேருங்கள். ஆனால் அந்த டியூஷன் அக்காவிடம், "வீட்டுப் பாடம் முடியலன்னாலும் பரவாயில்ல, தினமும் கால் மணி நேரம் இவனை வாசிக்க வச்சுக் கேளுங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து வேறு பத்தியை வைத்து அதே பத்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு படிகூட நகரவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. 2021-ல் அரசு தொடங்கிய, தன்னார்வலர்கள் நடத்தும் இல்லம் தேடிக் கல்வி மையம் உங்கள் தெருவில் இன்னும் நடந்தால் அங்கே அனுப்புங்கள், கட்டணம் கிடையாது.

படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணை இடுக்குகிறானா, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைக்கிறானா, காதில் சீழ் வடிந்திருக்கிறதா, பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு இதைப் பரிசோதிக்கும், அவர்கள் எப்போது வருவார்கள் என்று டீச்சரிடம் கேட்கலாம். சந்தேகம் பலமாக இருந்தால் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கண்ணும் காதும் சரி, மூன்று நாலு மாதம் விடாமல் வாசிக்க வைத்தும் எழுத்து நிலையிலேயே நிற்கிறான் என்றால், கற்றல் குறைபாடு இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பள்ளி மூலமாகவே அவர்களிடம் காட்டலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெட்கப்படவோ மறைக்கவோ இதில் ஒன்றுமில்லை.

திருப்பூர்க் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தேனிக்குப் போனால், பள்ளி திறந்த பிறகும் நாலு நாள், ஒரு வாரம் என்று இழுத்துவிடுகிறது. அந்த வாரத்தில் வகுப்பு 'கொ, கோ' வரிசையைத் தாண்டியிருக்கும், அவன் திரும்பி வந்து அடுத்த வரிசையில் உட்காருவான். போவதை டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு கதைப் புத்தகம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எது விட்டுப்போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டீச்சரிடம் பேசும் விஷயம். காலை மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் பிடித்தால், நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே "வீட்ல பாருங்கம்மா" தவிர வேறு பதில் வராது. பள்ளி விட்ட பிறகு எந்த நாள் பத்து நிமிடம் ஒதுக்குவார் என்று கேட்டு, ஒரே ஒரு நாள் பர்மிஷன் போடுங்கள். முடியவில்லை என்றால் உங்கள் சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசலாமா என்று கேளுங்கள். கணவரும் கூடப் போவது நல்லது, அப்பா வந்து நின்றால் பிள்ளையும் அதைக் கவனிக்கும். நீங்கள் குறித்து வைத்த தாளைக் கையில் எடுத்துப் போங்கள். "பையன் சரியா படிக்க மாட்டேங்கிறான்" என்று தொடங்காமல், "உகர வரிசையில தடுக்குறான், கொம்பு வச்ச எழுத்தும் வரல டீச்சர்" என்று தொடங்குங்கள். பேச்சின் தரமே மாறிவிடும்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்தபோது முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்புக்குரிய நிலை, மொட்டு இரண்டாவது, மலர் மூன்றாவது. "என் மகன் தமிழில் இப்போது எதில் இருக்கிறான்?" என்பது முதல் கேள்வி. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை, தனித்தனியாகக் கேளுங்கள். "அடுத்த நிலைக்குப் போக அவனுக்கு எது வர வேண்டும்?" என்பது இரண்டாவது. "இந்த வாரம் வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்க" என்பது மூன்றாவது. ஒன்று என்பதை அழுத்திச் சொல்லுங்கள், பத்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதுவதற்குப் பதில் ஒரு நிமிடம் பேசி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத பெற்றோரும் பாட்டிகளும் கேட்டுக்கொள்வார்கள். சின்ன மாற்றம்தான், டீச்சருக்கும் வேலை மிச்சம்.

கடைசியாக, மேலாண்மைக் குழு. 'படிக்காத நான் என்ன பேசுவது' என்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இந்தக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. என்ன படித்திருக்க வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளை படிக்கிறது, அதுதான் தகுதி. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் சட்டம் உங்களுக்குக் கொடுத்த வேலைகள்.

ஆனால் குழு இருப்பதாலேயே பிள்ளைகளுக்குப் படிப்பு வந்துவிடாது, இதையும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அங்கே இருந்த கிராமக் கல்விக் குழுக்களில் சில உறுப்பினர்களுக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. கூட்டம் போட்டு, பெற்றோருக்கு உரிமைகளை எடுத்துச் சொல்லி, பிள்ளைகளின் வாசிப்பு நிலையைக் காட்டியும் பள்ளியில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அதே ஆய்வில், உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்பு நடத்த வைத்த ஊர்களில், வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. "பங்கேற்க வாருங்கள்" என்ற அழைப்பு வேலை செய்யவில்லை, கையில் கொடுத்த திட்டமான வேலைதான் பலன் தந்தது. உங்கள் குழுவும் அப்படி ஒன்றிரண்டு வேலையைப் பிடித்துக்கொண்டால் போதும், எல்லாவற்றையும் திருத்தப் புறப்பட வேண்டாம்.

முதல் வேலை கூட்ட நேரம். கம்பெனிக்குப் போகும் தாய்மார் பகல் மூன்று மணிக்கு வர முடியாது. வந்தால் அரை நாள் கூலி போகும். எந்த நாள், எந்த நேரம் வைத்தால் அதிகம் பேர் வருவார்கள் என்று உறுப்பினர்களான தாய்மார் நாலு பேரிடம் முன்னாலேயே பேசி, ஒரே குரலில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்மா", நாலு பேர் கேட்டால் தீர்மானம்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டை போட வேண்டியதில்லை. "கண்ணாடி எடுத்து வரல சார், கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க, போடுறேன்" என்றால் போதும், வாசித்துத்தான் ஆக வேண்டும். வாசித்ததைக் கேட்ட பிறகு இரண்டு கேள்வி: போன கூட்டத்தில் முடிவு செய்ததில் எது நடந்தது? இந்த வருடம் பள்ளி மானியம் வந்ததா, எவ்வளவு, எதற்குச் செலவானது? குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்ல ஆளில்லாமல்தான் கழிப்பறைத் தண்ணீருக்கும் ஆசிரியர் காலியிடத்துக்கும் தனியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தின் அட்டவணைப்படி ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். உங்கள் பள்ளியில் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் குழுவின் தீர்மானமாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம், பெற்றோர் கையெழுத்தோடு போகும் தாளுக்கு எடை கூடுதல். பள்ளியில் தீராத விஷயத்துக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று அங்கே பேச்சு வந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள். மதிப்பெண் அட்டை கொடுத்துக் குறை சொல்லி அனுப்பும் கூட்டத்துக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை வர மாட்டார். அதற்குப் பதில், வகுப்பறையில் பாய் விரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஐந்து நிமிடம் தனியாக வாசித்துக் காட்டட்டும். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், முதல் பரிசு இரண்டாம் பரிசு வேண்டவே வேண்டாம். அவை வந்தால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் வீட்டார்தான் முதலில் வராமல் போவார்கள். வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்குச் சத்துணவு அக்காவோ முன்னாள் மாணவரோ உட்கார்ந்து கேட்கலாம்.

இரண்டாவது வேலையாகப் புத்தக பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் கதைப் புத்தகம் பீரோவுக்குள் பூட்டியே கிடக்கும். கிழிந்தால், தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் குழுவிலேயே ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: வாரம் ஒரு புத்தகம் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், சாதாரணமாகக் கிழிந்தால் ஆசிரியரிடம் கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை கொடுப்பது, திங்கட்கிழமை வாங்குவது. பெயர் எழுத ஒரு நோட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பொறுப்பு. உங்கள் மகளே அதில் ஒருத்தியாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பீரோ சாவி யார்கிட்ட இருக்கு சார்?"